மீந்தது யாருக்கு?

தீபாவளி பக்ஷணங்களைப் பற்றியும் கல்யாண விருந்துகளைப் பற்றியும் எழுதுவதற்குப் பேனாக்கள் ஏராளமாக உண்டு. விருந்துக்கு மறுநாள் காலையில் சமையலறையில் நடக்கும் காரியத்தைப் பற்றித்தான் எழுதுவார் இல்லை. ஒரு பாத்திரத்தில் நேற்றைய சோறு, இன்னொன்றில் அரைக் கரண்டிக் கூட்டு, கிண்ணத்தின் அடியில் புளித்த மோர். இவற்றின் எதிரில் நின்றுகொண்டு வீட்டு எஜமானி செய்யும் யோசனை, ஒரு ராஜ்யத்தின் நிதி மந்திரி செய்யும் யோசனைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இந்த யோசனைக்கு நமது தேசத்தில் ஒரு சரித்திரம் உண்டு. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்தக் காலத்தில் ரேஷன் கடை வாசலில் நின்ற தலைமுறைக்கு, ஒரு பிடி சோற்றின் மதிப்பை யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. 1965-ல் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டபோதும் ஜனங்களுக்கு விஷயம் உடனே விளங்கிற்று.

இப்போதோ கதை வேறு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ம் வருஷத்தில் உலகமெங்கும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. ஹோட்டல்களையும் கடைகளையும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. அதில் 60 சதவிகிதம் வீடுகளிலேயே வீணாகியிருக்கிறது. நம் தேசத்து வீடுகளின் கணக்கு, தலைக்கு வருஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய 55 கிலோ. குளிர்சாதனப் பெட்டி வந்தும் இப்படியா என்று கேட்கலாம். அந்தப் பெட்டி பல வீடுகளில் மீந்ததைக் காப்பாற்றுவதில்லை. தூக்கி எறிவதை மூன்று நாள் ஒத்திப் போடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே சிக்கனம் வேண்டும் என்பதில் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் அந்தச் சிக்கனம் யாருடைய வயிற்றில் நடக்கிறது என்பதை மட்டும் சற்றுக் கவனிக்க வேண்டும். புருஷருக்கும் குழந்தைகளுக்கும் சுடச்சுடப் பரிமாறிவிட்டு, நேற்றைய சோற்றையும் முந்தாநாள் குழம்பையும் வைத்துக்கொண்டு கடைசியில் தனியாக உட்காருகிறாள் வீட்டுக்காரி. "எங்கள் வீட்டில் ஒரு பருக்கை வீண் போகாது" என்று வீட்டுக்காரர் நண்பர்களிடம் பெருமையடித்துக் கொள்கிறார். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயது முதல் 49 வயது வரையுள்ள நம் ஸ்திரீகளில் 57 சதவிகிதத்தினருக்கு இரத்த சோகை இருப்பதாகத் தெரிந்தது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்னும் வழக்கம் அதற்குச் சிறிதும் துணை செய்யவில்லை என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

மீந்த பண்டம் மறுவேளையில் எல்லோருடைய இலையிலும் விழவேண்டும். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் கைவேலைதான். நம் பாட்டிமார் மீந்தது வேறு, எச்சில் வேறு என்று கண்டிப்பாகப் பிரித்தார்கள். பாத்திரத்தில் நிற்பதற்கு மறு ஜன்மம் உண்டு. இலையில் விழுந்ததற்கு இல்லை. எனவே முதற்கொண்டு கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடுவதே உத்தமம்.

சோற்றை எடுத்துக்கொள்வோம். இரவு மீந்த சோற்றில் நல்ல தண்ணீரை மூழ்கும்படி ஊற்றி வைத்தால், புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் விடிவதற்குள் தங்கள் வேலையைச் செய்துவிடும். மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயமோ நார்த்தங்காயோ கூட வைத்துக் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் அடுப்படியில் இரவெல்லாம் கிடந்த சோற்றை மறுநாள் தாளித்துக் கொடுப்பது கூடாது. அப்படிக் கிடக்கும் சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் விஷம், மறுபடி சுடவைத்தாலும் போகாது. சித்திரான்னம் செய்ய எண்ணியிருந்தால் ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்துவிடுவதே சரி.

வெயில் காலமானால் சோற்று வடாம் இருக்கிறது. தண்ணீரில் ஊறிய சோற்றைப் பிழிந்து, மத்தால் நன்றாக மசித்து, பச்சைமிளகாய் விழுதும் உப்பும் சீரகமும் துளி பெருங்காயமும் சேர்த்து, முறுக்கு நாழியில் போட்டு நனைத்த வேஷ்டித் துணியின்மேல் பிழிய வேண்டும். மாலையில் துணியின் பின்புறத்தில் தண்ணீர் தெளித்தால் வடாம் தானாகக் கழன்று வரும். இன்னும் இரண்டு மூன்று நாள் கலகலவென்று காய்ந்தபின் டப்பாவில் அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் விருந்தாளி வரும்போது வீட்டின் கௌரவத்தைக் காப்பாற்றும்.

வடித்த கஞ்சியைக் கீழே கொட்டுவது பெரிய நஷ்டம். அரிசியிலுள்ள பி வைட்டமினில் ஒரு பங்கு அதில்தான் இறங்கிவிடுகிறது. உப்பும் மோரும் கலந்து குடிக்கலாம். மிச்சத்தைப் பருத்திப் புடவைக்குப் போடலாம்.

பீர்க்கங்காய் வாங்கினால் இரண்டு பண்டம் வாங்கினதாகவே அர்த்தம். தோலைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய்வற்றல், புளி, உப்பு, கொஞ்சம் தேங்காயுடன் அரைத்தால், காயைவிடத் தோல் துவையலே முதலில் தீர்ந்துபோகும். தர்ப்பூசணியின் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதி கூட்டுக்கு உகந்தது. கொத்துமல்லித் தண்டு ரசத்துக்கு. நெய் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவுமுன் அதில் முருங்கைக் கீரையை வதக்கிச் சோறு பிசைந்தால் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். புளித்த மாவு ஊத்தப்பமாகும், புளித்த மோர் மோர்க்குழம்பாகும் என்பதெல்லாம் நேயர்கள் அறியாததல்ல. புளிச் சக்கை பித்தளை விளக்கைப் பொன்னாக்கும்.

போலிச் சிக்கனம் ஒன்றும் உண்டு. நாலு இட்லி மீந்துவிட்டதே என்று, அதை உதிர்த்து முந்திரிப்பருப்பும் கால் படி எண்ணெயும் செலவழித்து உப்புமா செய்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். மீந்ததைவிட மீட்பதற்கு அதிகம் செலவானால், இட்லியைப் பசித்தவர் கையில் அன்றைக்கே கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

சமையலறைக்கு வெளியிலும் இதே கணக்குத்தான். நைந்த நூல் புடவை தூளியாகிறது. தூளி கிழிந்தால் வடாம் துணி. அதுவும் போனால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. காந்தியடிகள் தமக்கு வந்த உறைகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்தில் எழுதினார். 1934-ல் அவர் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. கைக்காகிதமும் அச்சங்கம் போற்றிய தொழில்களில் ஒன்று. வீட்டில் காகிதம் செய்ய முடியாவிட்டாலும், பழைய காகிதத்தால் கூடை செய்யலாம். தமிழ் வீடுகளில் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை இது.

பழைய பத்திரிகைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, தினம் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். பளபளப்புக் காகிதம் சரிப்படாது. பிறகு ஒட்டப் பிழிந்து, ஊறவைத்த வெந்தயத்துடன் உரலில் இடித்தோ கிரைண்டரில் அரைத்தோ வெண்ணெய் போன்ற விழுதாக்கிக்கொள்ள வேண்டும். வெந்தயம் பசையாகவும் இருக்கும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பாட்டிமாரின் நம்பிக்கை. ஒரு குடத்தையோ அகன்ற பாத்திரத்தையோ கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, விழுதைக் கால் அங்குல கனத்துக்கு ஒரே சீராகத் தட்டிக்கொண்டு வரவேண்டும். குடமானால் பாதி உயரத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் பிறகு குடத்தை உடைத்துத்தான் கூடையை எடுக்க நேரும். நாலைந்து நாள் வெயிலில் காய்ந்ததும் துணியோடு கழற்றி, உட்புறத்தையும் காயவைத்து, புளியங்கொட்டைப் பசையால் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதன்மேல் பெண் குழந்தைகளையும் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துச் சித்திரம் எழுதச் சொல்லலாம்.

மாசி, பங்குனி வெயிலே இதற்கு ஏற்றது. ஐப்பசியில் ஆரம்பித்தால் விழுது காயுமுன் பூசணம் பிடித்துவிடும். முடிந்த கூடையில் மிளகாய்வற்றல், பருப்பு, முன் சொன்ன சோற்று வடாம் எல்லாம் போட்டு வைக்கலாம். ஈரக்கை மட்டும் படக்கூடாது.