தள்ளி வைத்த பாடல்களும் தேடி நின்ற ரசிகர்களும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவரை நாம் அனைவரும் அறிவோம். நாம் வேண்டாம் என்று தள்ளியதை அவர் எடை போட்டு எடுத்துச் செல்கிறார். ஆனால் ஒரு பாடகர் வேண்டாம் என்று தள்ளி வைத்த பாடல்களை, 'எங்களுக்கு வேண்டும்' என்று 40 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்த ரசிகர்களை நீங்கள் அறிவீர்களா? அவர்களுடைய கதையைத்தான் இக்கட்டுரையில் கூற விழைகிறேன். இயற்பியல் மாணவனுக்கு இசைத்தட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். கேளுங்கள், விடை கட்டுரையின் முடிவில் உண்டு.

பாடகரின் பெயர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1949 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். தந்தை தொழிற்சாலை வேலை, பேருந்து ஓட்டும் வேலை என்று பல வேலைகள் பார்த்தவர். மின் கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் இசையில் உழைப்பாளிகளின் வாழ்க்கையைப் பாடியவர் என்பதால் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. அவருடைய குழுவுக்கு 'இ ஸ்ட்ரீட் பேண்ட்' என்று பெயர். விடுதி நண்பன் ஒருவனின் கைப்பேசியில்தான் அவர் குரலை நான் முதலில் கேட்டேன். தமிழ் வழியில் படித்து வந்தவன் ஆகையால் பாதி சொற்கள் விளங்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்த பின்பே விளங்கின.

சிறப்புப் பதிப்பு என்றால் என்ன?

நம் ஊரில் பழைய திரைப்படத்தைப் புதுப் பிரதி எடுத்து மறுபடி வெளியிடுகிறார்கள் அல்லவா? மேலை நாடுகளில் புகழ்பெற்ற இசைத்தொகுப்புகளையும் இவ்வாறே மறுபடி வெளியிடுகிறார்கள். ஒலியைத் தூய்மைப்படுத்துவதோடு நிற்பதில்லை. அன்று ஒதுக்கப்பட்ட பாடல்கள், ஒரே பாடலின் வேறு வேறு வடிவங்கள், மேடை நிகழ்ச்சியின் படம், ஒரு சிறு நூல் ஆகிய அனைத்தையும் ஒரு பெட்டியில் அடுக்கித் தருகிறார்கள். இதற்கு 'டீலக்ஸ்' பதிப்பு என்று பெயர். அடுத்த பெட்டி எது, எப்போது வரும், அதனுள் என்னென்ன இருக்கும் என்று யூகிப்பது ரசிகர்களுக்குத் தனி விளையாட்டு.

1982இல் நடந்தது

1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் வாடகை வீட்டில் இருந்தார். அங்கே படுக்கையறையில் தனியாக அமர்ந்து, கிட்டாரும் ஹார்மோனிகாவும் கொண்டு பல பாடல்களைப் பதிவு செய்தார். பயன்படுத்தியது 'போர்ட்டாஸ்டுடியோ' என்ற சிறு கருவி. சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களில் பதிவு செய்யவல்லது. குழுவினருக்குப் பாடல்களைக் கற்றுக்கொடுப்பதற்காகச் செய்த வெள்ளோட்டம்தான் அது. அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம்.

பின்னர் நியூயார்க்கில் 'பவர் ஸ்டேஷன்' என்ற பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவினரோடு சேர்ந்து அதே பாடல்களைப் பதிவு செய்தார்கள். கருவிகள் உயர்ந்தவை; கலைஞர்கள் தேர்ந்தவர்கள். ஆயினும் படுக்கையறைக் கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று இங்கே வரவில்லை. வேலை இழந்த மோட்டார்த் தொழிலாளி, கொலைகாரன், பழைய கார் வாங்கும் ஏழைக் குடும்பத்தின் கூச்சம் என்று மனத்தை அழுத்தும் பாடல்கள் அவை. முழக்கம் கூடியபோது தனிமை போய்விட்டது. எனவே அந்தக் கேசட்டையே மூலமாகக் கொண்டு, 1982 செப்டம்பர் 30 அன்று 10 பாடல்களோடு 'நெப்ராஸ்கா' வெளிவந்தது. குழுவின் மின் இசை வடிவம் பெட்டிக்குள் போயிற்று. ரசிகர்கள் அதற்கு 'எலெக்ட்ரிக் நெப்ராஸ்கா' என்று பெயர் சூட்டினார்கள்.

நாடாவின் இயற்பியல்

இந்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்பதை அறியச் சிறிது இயற்பியல் தேவை. ஒலிநாடா என்பது இரும்பு ஆக்சைடு போன்ற காந்தத் துகள்கள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. மைக்கில் விழும் ஒலி மின்னோட்டமாகிறது. அம்மின்னோட்டம் பதிவு முனையில் காந்தப்புலத்தை உண்டாக்கி, ஓடும் நாடாவின் துகள்களைக் காந்தமாக்குகிறது. மறுபடி ஓட்டும்போது இதே செயல் தலைகீழாக நடக்கிறது. துகள்கள் முற்றிலும் சீராக அமையாததால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் உடன் வருகிறது. தடம் அகலமாகவும் நாடா வேகமாகவும் இருந்தால் ஒவ்வொரு கணத்து ஒலிக்கும் அதிகத் துகள்கள் கிடைக்கும். அப்போது பாடலோடு ஒப்பிட இரைச்சல் குறைந்துவிடும்.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதை நான்காகப் பங்கிட்டால் ஒரு தடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பெரிய கூடங்களின் 24 தட நாடாவின் அகலமோ 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு தடத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கிடைக்கும். போர்ட்டாஸ்டுடியோவில் நாடா வினாடிக்கு சுமார் 9.5 சென்டிமீட்டர் ஓடியது. கூடத்து நாடா 38 சென்டிமீட்டரோ அதற்கு இருமடங்கோ ஓடும். இத்தனை தாழ்வான பதிவிலிருந்து இசைத்தட்டு வெட்டுவது எளிதாக இருக்கவில்லை. பலமுறை முயன்ற பின்பே கைகூடியது. ஆக, அளவுகோல்கள் எல்லாம் கூடத்தின் பக்கம். பாடகரின் செவி மட்டும் கேசட்டின் பக்கம்.

யூகங்கள் பிறந்த விதம்

பெட்டிக்குள் போனது உண்மையிலேயே இருக்கிறதா? ரசிகர்கள் பல வழிகளில் யூகித்தார்கள்.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. 1975இல் வந்த 'பார்ன் டு ரன்' தொகுப்புக்கு 2005இலும், 1978இல் வந்த 'டார்க்னஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்' தொகுப்புக்கு 2010இலும், 1980இல் வந்த 'தி ரிவர்' தொகுப்புக்கு 2015இலும் சிறப்புப் பெட்டிகள் வந்தன. அடுத்தது நெப்ராஸ்கா, ஐந்தைக் கூட்டினால் 2020! இப்படி எண்ணியிருந்தவர்கள் ஏமாந்தார்கள். 2020இல் பெட்டி வரவில்லை. வரைபடத்தில் மூன்று புள்ளிகளை இணைத்துவிட்டு, அக்கோட்டை நம் விருப்பம்போல் நீட்டக் கூடாது என்று ஆய்வகத்தில் எங்களுக்குச் சொல்வார்கள். அது இங்கும் பொருந்தும்.

இரண்டாவது, நேரில் கண்டவர் சாட்சி. குழுவின் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் வைன்பர்க் 2010இல் அளித்த பேட்டியில், நெப்ராஸ்கா முழுவதையும் குழு பதிவு செய்தது உண்மை என்றார். இதைவிட வலுவான சான்று வேண்டுமா என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

மூன்றாவது, பாடகரின் சொந்த வாய்ச்சொல். 2025ஆம் ஆண்டு ஒரு பேட்டியில் ஸ்பிரிங்ஸ்டீன், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பாடியவரே இல்லை என்றால் வழக்கு முடிந்தது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? ஆனால் சில நாட்களிலேயே அவர் பதிவுகள் வைத்திருக்கும் அறையில் தேடச் செய்தார், இருப்பது தெரிந்தது, தாம் சொன்னது தவறு என்று தாமே தெரிவித்தார். சொன்னவர் யார் என்பதைவிடச் சொன்னதில் உள்ள மெய்யைக் காண்பதே அறிவு என்ற வள்ளுவர் கருத்தை நான் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். அதற்குப் பொருள் இங்கேதான் விளங்கியது.

பெட்டி திறந்தது

2025 அக்டோபர் 24 அன்று 'நெப்ராஸ்கா 82' என்ற விரிவான பதிப்பு வெளிவந்தது. அதில் மின் இசை வடிவமாக இருந்தவை 8 பாடல்கள். அவற்றுள் 6 மட்டுமே நெப்ராஸ்காவின் 10 பாடல்களைச் சேர்ந்தவை. மற்ற இரண்டும் 1984இல் வந்த 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' தொகுப்பில் இடம்பெற்ற பாடல்களின் முன்வடிவங்கள். 'முழுவதும் உண்டு' என்றவர் சொல்லுக்கும் 'ஒன்றுமே இல்லை' என்றவர் சொல்லுக்கும் நடுவில் உண்மை கிடந்தது. இருவருமே பொய்யர்கள் அல்லர். நினைவு என்பது அத்தகையது. நான் மிகவும் விரும்பும் 'யூஸ்டு கார்ஸ்' என்ற பாடல் அந்த எட்டில் இல்லை என்பதில் எனக்குச் சிறிது வருத்தமே.

இது வெறும் வணிகம் என்பாரும் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்பிரிங்ஸ்டீன் 2021இல் தம் இசைப்பதிவுகளின் உரிமையை சோனி நிறுவனத்துக்கு விற்றார். ஒரே தொகுப்பை மூன்றாம் முறை காசு கொடுத்து வாங்கும் ரசிகனால் வாழ்வது நிறுவனம்தான். எனினும் நாடா சாகாவரம் பெற்றது அன்று. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் பிடித்த தீயில் பல கலைஞர்களின் மூல நாடாக்கள் அழிந்தன. அந்த இழப்பின் பரப்பு 2019இல் பத்திரிகைச் செய்தி வந்த பிறகே பொதுமக்களுக்குத் தெரிந்தது. 'எங்கே அது?' என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவர் போவார். ரசிகர்களின் யூகத்தில் பாதி தவறாகப் போனாலும் அந்தக் கேள்வி வீண் போகவில்லை.

நான் கற்றுக்கொண்டது

எட்டுப் பாடல்களையும் கேட்டேன். நன்றாகவே இருந்தன. ஆயினும் 1982இல் அவர் எடுத்த முடிவு சரி என்றே எனக்குத் தோன்றியது. தள்ளியதைக் கேட்ட பிறகுதான் தேர்ந்ததன் அருமை தெரிந்தது. கேளாமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்திருக்காது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஆய்வகத்தில் இரண்டு நோட்டுகள் உண்டு. அளவீடுகளை உடனுக்குடன் எழுதுவது அப்சர்வேஷன் நோட்டு. பிறகு அழகாக எழுதிக் கையெழுத்து வாங்குவது ரெக்கார்டு. முதலாண்டில் யங் குணகம் காணும் சோதனையில் எனக்கு வந்த விடை புத்தகத்து மதிப்பை விட்டு வெகுதூரம் விலகியிருந்தது. வெட்கத்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, நண்பனின் அளவீடுகளை ரெக்கார்டில் எழுதினேன். ஆசிரியர் அப்சர்வேஷன் நோட்டைக் கேட்டார். பக்கம் இல்லை. அவர் கோபிக்கவில்லை. "அது இருந்திருந்தால் எங்கே பிசகினாய் என்று இருவரும் கண்டுபிடித்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். எங்கே பிசகினேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

என் தந்தை பழைய பேப்பர் வியாபாரம் செய்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. மூட்டையைப் பிரிக்கும்போது அச்சடித்த தாள்களை எடைக்குப் போடுவார். கையெழுத்தில் இருக்கும் நோட்டுகளை மட்டும் தனியே எடுத்துத் திண்ணை ஓரத்தில் அடுக்கி வைப்பார். இடத்தை அடைக்கிறதே என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். "கையால எழுதினதுப்பா. யாராச்சும் தேடிக்கிட்டு வந்தா என்ன சொல்றது?" என்றார்.

அப்படித் தேடி வந்தவர்கள் இருவர். ஒரு மாணவியும், ஒரு பெரியவரும். இருவருக்கும் அவர்கள் நோட்டு கிடைத்தது.

அதன் பிறகு என் அப்சர்வேஷன் நோட்டில் நான் ஒரு பக்கத்தையும் கிழிப்பதில்லை.