கலை என்னும் ஒரு சொல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். விலங்கு, பறவை முதலியவற்றின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இளமைக்கும் உரிய மரபுப் பெயர்களை அது வகுத்துச் சொல்கிறது. புல்வாய், உழை என்னும் மான் வகைகளின் ஆணுக்குக் கலை என்று பெயர், பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி. மரத்திலே வாழும் முசு என்னும் குரங்கின் ஆணுக்கும் கலை என்பதே பெயர்.

நிலத்திலே மேயும் மானுக்கும் கிளையிலே தாவும் முசுவுக்கும் ஒரே பெயர் ஏன்? இருபது வருடங்களாக இதனைப் படிப்பித்து வருகிறேன். மாணவர் எவரும் இக்கேள்வியைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பரீட்சைக்கு வேண்டியது பட்டியல். பட்டியலை மனனஞ் செய்தோம்.

எங்கள் தலைமுறைக்கு இதற்கு ஒரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில், 1985 முதல் 2003 வரை, குமணக் காடு பார்வையாளருக்கு மூடப்பட்டிருந்தது. கிழக்கிலே வளர்ந்த எனக்கு அந்த வயதிற் காடு என்றால் மான் நினைவுக்கு வராது. மிதிவெடிதான் நினைவுக்கு வரும். விறகுக்குப் போனவர் திரும்பும்வரை வாசலைப் பார்த்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆகவே கலையையும் பிணையையும் நான் ஏட்டிலேதான் கண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் கதிர்காமப் பாதயாத்திரைக்காக உகந்தை மலை முருகன் ஆலயத்தடியில் தங்கியிருந்தோம். காட்டுப் பாதை திறப்பதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மருமகன் இரவலாகத் தந்த கமரா ஒன்று என்னிடம் இருந்தது. குமண தேசிய பூங்காவுக்குள் யாத்திரைக் காலத்தில் அடியார்கள் குறித்த பாதையால் நடக்கலாமேயன்றி, விரும்பியவாறு இறங்கித் திரிய முடியாது. ஆகையாற் பூங்காவுக்கு வெளியே, ஆலயத்தை அடுத்த பற்றைக்காட்டு ஓரமாகவே என் விடியற்கால நடை அமைந்தது. யானைப் பயம் உள்ள இடம். பலமுறை யாத்திரை போன பாணமைப் பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார்.

முதல் நாள் புள்ளிமான் கூட்டமொன்றைக் கண்டதும், பெரியவரை முந்திக்கொண்டு நேரே நடந்தேன். ஒரு பிணை தலையை நிமிர்த்தி முன்னங்காலால் நிலத்தை இடித்தது. கூரிய குரலொன்று எழுந்தது. வால்கள் வெள்ளையாக உயர்ந்தன, கூட்டம் மறைந்தது. மறி ஒன்று மட்டும் திசை தெரியாமல் மறுபக்கம் ஓடி, தடுமாறி நின்று, பின் தாய் போன வழியே பாய்ந்தது. கமராவில் விழுந்தது புழுதி மட்டுமே.

"மாஸ்டர், நீங்க மானைப் பாக்கப் போகல்ல, உங்களக் காட்டப் போயிருக்கீங்க" என்றார் பெரியவர். அடுத்த நாளுக்கான பாடத்தையும் அவரே சொன்னார்.

முதலாவது, காற்று. மானுக்கு மூக்கே பெரிய காவல். ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல விட்டால் காற்றின் போக்குத் தெரியும். அது நம் முகத்திலே படவேண்டும். முதுகிலே பட்டால் நம் வாடை நமக்கு முன்னே போய்விடும். இரண்டாவது, வெளிச்சம். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால் மானின் மேனியில் ஒளி விழும். உகந்தையில் அந்த மாதத்துக் கச்சான் காற்று மேற்கே காட்டிலிருந்து வருகிறது. சூரியனோ கிழக்கே கடலில் எழுகிறது. கடற்பக்கமாக நின்று காட்டை நோக்கிப் போனால் இரண்டும் ஒருங்கே வாய்க்கும். மூன்றாவது, நடை. மான் குனிந்து மேயும்போது ஓரடி வைக்கவேண்டும். நிமிர்ந்தால் அப்படியே நிற்கவேண்டும். நேரே போகாமற் சாய்ந்து சாய்ந்து போகவேண்டும். கண்ணோடு கண் பார்க்கக்கூடாது. நான்காவதே முக்கியமானது. நம்மாலே விலங்கு மேய்ச்சலை நிறுத்திவிட்டால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். வரட்சிக் காலத்தில் ஒவ்வொரு வீண் ஓட்டமும் அதற்கு இழப்பு. குட்டியைப் பிரிந்தால் பேரிழப்பு.

மறுநாள் ஐம்பது பாகம் தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் சென்றது. பாலை மரமொன்றின் கீழ் மான்கள் நின்றன. மேலே சாம்பல் நிற முசுக்கள் பாலைப்பழம் தின்றுகொண்டிருந்தன. தின்றது பாதி, சிந்தியது பாதி. சிந்திய பழத்தையும் முறிந்து விழுந்த இலையையும் மான்கள் பொறுக்கித் தின்றன. திடீரென மேலிருந்த கடுவன் இருமுவது போலக் குரல் கொடுத்தது. அடுத்த கணமே கீழே அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. பெரியவர் என் தோளை அழுத்தினார், நான் அசையவில்லை. தூரத்தே பற்றைக்குள் ஏதோ கடந்து போயிற்று. சற்று நேரத்தில் மேய்ச்சல் மீண்டும் தொடங்கியது.

உயரத்தில் இருக்கும் முசுவுக்குத் தூரம் தெரிகிறது. தரையில் இருக்கும் மானுக்கு வாடை தெரிகிறது. ஒன்றின் எச்சரிக்கை மற்றதற்கும் காவலாகிறது. வனவிலங்கு ஆய்வாளர்களும் இந்த உறவை எழுதி வைத்திருக்கிறார்கள். இக்காட்சியே பொதுப்பெயருக்குக் காரணம் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் மரபியலின் பெயர்கள் காட்டைக் கண்டவர்கள் வழங்கிய பெயர்கள் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. குறுந்தொகையின் 69ஆம் பாட்டிலே கலை இறந்துபட, மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. இரவிலே வராதே என்று தலைவனைத் தடுக்கும் தோழி அதனைச் சொல்கிறாள். இதுவரை நான் அதனை உள்ளுறை என்று குறிப்பெழுதிக் கொடுத்துக் கடந்து போனவன். திசை தவறிய அந்த மறியைக் கண்டபின் அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

அன்று எடுத்த படங்களில் ஒன்றே தேறியது. கிளையிலே கடுவன், கீழே கொம்புடைய ஆண்மான். 1/500 செக்கன் வேகத்தில் எடுத்தும் மானின் காது சற்றுக் கலங்கியே இருக்கிறது. அதனை வகுப்பிலே காட்டினேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இதில எது கலை?" என்றாள்.

"இரண்டுந்தான்" என்றேன்.

"அதெப்படி சேர்?" என்று வகுப்பே கேட்டது. இருபது வருடம் கழித்து அந்தப் பாடம் அன்றுதான் தொடங்கியது.