மாளவியா புகுந்த குடில்

1938 தொடக்கத்தில் பத்திரிகைகளுக்குச் சுவையான செய்தி ஒன்று கிடைத்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய மதன் மோகன் மாளவியா, 76 வயதில் இளமையை மீட்கக் கிளம்பிவிட்டார்! தபசி பாபா என்கிற சாது, அலகாபாத் பக்கம் ஓர் இருட்டுக் குடிலில் அவரை ஏறக்குறைய 40 நாள் வைத்துக் காயகல்ப சிகிச்சை கொடுத்தார். பாலும் மருந்தும்தான் ஆகாரம். வெளியே வந்தவருக்குச் சுருக்கம் குறைந்தது, முடி கறுத்தது என்றெல்லாம் எழுதினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு, நம் திருத்தணி ராதாகிருஷ்ணன் கைக்குப் போனது. மாளவியாவுக்கு உடம்பு இடம்கொடுக்கவில்லை. 1946ல், 84 வயதில் காலமானார்.

அந்தக் குடில் பாபாவின் கற்பனை அல்ல. சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூலின் சிகிச்சைப் பகுதி, காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ தொடங்குவதில்லை, ரசாயனத்தில்தான் தொடங்குகிறது. ரசாயனம் என்றால் இங்கே கெமிஸ்ட்ரி இல்லை. முதுமையைத் தள்ளிப்போட்டு உடம்பைத் தேற்றும் வைத்தியம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறை, கனத்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல் என்று குடிலுக்கு வரைபடமே கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பின்னால் வரும் நிபந்தனை. உடம்பில் நோய் இருக்கக்கூடாது, மனம் கட்டுக்குள் இருக்கவேண்டும், கையில் ஓய்வும் வசதியும் வேண்டும். இத்தனையும் இருந்தால் குடில். இல்லாதவர்கள் வெயிலிலும் காற்றிலும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே மருந்து சாப்பிடலாம். இரண்டாயிரம் ஆண்டு பழைய நூல், யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறது. இன்றைய ரிசார்ட் விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை.

இரண்டு வழிக்கும் முதல்படி குடல் சுத்தம். அழுக்குத் துணியில் சாயம் ஏறாது என்பது ஆயுர்வேத நூல்கள் சொல்லும் உவமை. நாமோ ஆடித் தள்ளுபடியில் எதையோ வாங்குவதுபோல் நேரே சியவனப்பிராச லேகிய டப்பாவுக்குப் போய்விடுகிறோம்.

அந்த டப்பாவும் சரகரிடமிருந்து வந்ததுதான். கிழடு தட்டிப்போன சியவன முனிவர் இதைத் தின்று வாலிபரானார் என்று கதை. 500 நெல்லிக்காயை மூலிகைகளோடு வேகவைத்து, கொட்டை நீக்கி, நெய்யிலும் எண்ணெயிலும் வதக்கி, சர்க்கரைப் பாகில் கிளறி இறக்கி, ஆறியபின் தேன் சேர்ப்பார்கள். திப்பிலி, ஏலம், லவங்கப்பட்டை எல்லாம் உண்டு. சர்க்கரையும் தாராளம். கடை டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள். நீரிழிவுக்காரர்கள் கட்டாயம் படிக்கவேண்டும்.

உலோகம் சேரும் பஸ்பம், செந்தூரம் விஷயத்தில் நான் இன்னும் கறார். 2004ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. படித்த வைத்தியர் நேரில் பார்த்துக் கொடுக்காத எதையும் “இயற்கைதானே” என்று வாயில் போட்டுக்கொள்ளக்கூடாது. ஏற்கெனவே பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரண்டு பக்க மருத்துவரிடமும் சொல்லிவிடவேண்டும்.

சாரங்கதரர் என்ற பிற்கால ஆசிரியர், பத்துப் பத்து வருஷத்துக்கு ஒன்று கழன்றுபோகும் என்று கணக்குப் போட்டார். முதல் பத்தில் குழந்தைமை, அடுத்ததில் வளர்ச்சி, பிறகு மேனிப் பொலிவு, ஐந்தாவதில் தோல், ஆறாவதில் பார்வை. (நாற்பதிலேயே வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட எனக்கு, அவர் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது.) ஆயுர்வேதக் கணக்கில் முதுமை, வாதம் என்ற காற்றின் காலம். வறட்சி, மூட்டில் நொறுநொறுப்பு, துண்டு துண்டான தூக்கம். இதற்கு முதல் கைமருந்து எண்ணெய். வண்டி அச்சுக்கு மசகு போடுவதுபோல என்கிறார் சரகர். தலை, காது, பாதம் மூன்றையும் முக்கியமாக விடாதே என்பது இன்னோர் ஆயுர்வேத ஆசிரியரான வாக்படர் கட்சி. அஜீரணம் இருக்கும்போது வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

அம்மாவுக்கு 78. இரவு எட்டரைக்குக் குழிக்கரண்டியில் நல்லெண்ணெயை அடுப்பில் காட்டி எடுத்துவருவேன். வெடித்த குதிகாலில் முதல் சொட்டு விழுந்ததும் கால்விரல்கள் ஒருமுறை மடங்கி விரியும். கட்டைவிரலால் உள்ளங்காலின் நடுவில் அழுத்தினால் பேச்சு வர ஆரம்பிக்கும். முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் எண்ணெய் போகத் துடைத்துவிடவேண்டும். மொசைக் தரையில் அந்தக் காலோடு எழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. இதை எந்த ஏட்டிலும் நான் பார்க்கவில்லை.

சரகர் கடைசியில் மருந்தே இல்லாத ஒரு ரசாயனம் சொல்கிறார். பொய், கோபம், குடி கூடாது; மாடாய் உழைக்கக்கூடாது; தூக்கமும் விழிப்பும் அளவாக இருக்கவேண்டும்; பாலும் நெய்யும் சேரவேண்டும். அந்தப் பட்டியலில் பெரியவர்களோடு உட்கார்ந்திருப்பதும் ஒன்று. முந்தாநாள் எண்ணெய்க் கையோடு இதை அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“எடது கால விட்டுட்ட” என்றார்.