வளரும் மகனும் பெற்றோரின் சொல்லும்

கர்நாடகத்தின் தென் எல்லையில், காவிரியாற்றை அடுத்த காட்டுப் பகுதியில் அமைந்துள்ள சிற்றூர் கோபிநத்தம். முன்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997-இல் உருவான சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது. இங்குத் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. யானைத் தந்தமும் சந்தன மரமும் கடத்திய வீரப்பன் பிறந்த ஊர் என்ற பெயர் இதற்கு நெடுங்காலமாக ஒட்டிக்கொண்டுள்ளது. வளரும் ஆண்பிள்ளையிடம் முதலில் பேசுபவர் யார் என்ற வினாவின் முக்கியத்துவத்தை இவ்வூரின் வரலாறு உணர்த்துகிறது.

ஓர் அதிகாரியின் வழி

கர்நாடக வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் இவ்வூர் மக்களின் நம்பிக்கையைப் பெற முயன்றார். மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தார். மாரியம்மன் கோயில் எழத் துணை நின்றார். அவரது சொல்லை நம்பி, கடத்தல் கூட்டத்தைச் சேர்ந்த பலர் சரணடைந்தனர். வீரப்பனும் சரணடைவான் என்று நம்பி ஆயுதமின்றிச் சென்ற அவர், 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்கர விருது வழங்கப்பட்டது. நம்பிக்கையை முதலில் வளர்த்து, அறிவுரையைப் பின்னர் கூறியதே அவரது முறை. இல்லத்திற்கும் அது பொருந்தும்.

மௌனம் ஏன்?

உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான பருவத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. இப்பருவத்தில் குரல் மாறுகிறது, உடல் வளர்கிறது. விளைவுகளை எடைபோடும் மூளைப் பகுதியோ இருபது வயதிற்குப் பின்னரே முழு முதிர்ச்சி அடைகிறது. தோழரின் பாராட்டும் உடனடி வருவாயும் சிறுவனைக் கவர்வதற்கு இது ஒரு காரணம். மதிப்பெண்ணும் கண்டிப்பும் மட்டுமே வீட்டுப் பேச்சாக இருப்பின், அவன் தன் ஐயங்களை வெளியே கொண்டு செல்கிறான். அங்கு விடையளிப்பவர் அவன் நலம் நாடுபவராக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

செய்யத்தக்கவை

எதிரே நிறுத்தி விசாரிப்பதைவிட, வயலிலோ வழிநடையிலோ உடன் பணிபுரியும் வேளையில் பேசுதல் எளிது. "எங்கே போனாய்?" என்ற கேள்வியைவிட "இன்று என்ன நடந்தது?" என்பது நீண்ட விடையைத் தரும். அவன் பேசி முடிக்கும் வரை குறுக்கிடலாகாது. தந்தை தம் இளமைத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வாராயின், மகனும் தன் தவற்றை மறைக்கமாட்டான். உடல் மாற்றம், மது, பெண்களை மதித்தல் ஆகியவற்றைத் தாய்தந்தை இருவரும் கூச்சமின்றி விளக்குதல் வேண்டும். பிற பிள்ளைகளோடு ஒப்பிடுதல் உரையாடலை முறித்துவிடும். குடும்பத்தின் வரவு செலவையும் அவனுக்குத் தெரிவிக்கலாம். பொறுப்புணர்வு அதனால் வளரும். எளிதில் வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று வினவவும் அவன் பழகுவான்.

அரசின் துணை

2014-இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், ஆண்பிள்ளைகளையும் உள்ளடக்கி, அரசு மருத்துவ நிலையங்களில் ஆலோசனை அளிக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் தொலைபேசி எண் 2022 முதல் இயங்குகிறது. ஆயினும், மகனின் மனவாட்டத்தை முதலில் அறியக்கூடியவர்கள் பெற்றோரே. நாள்தோறும் சிறிது நேரம் அவனுக்குச் செவிகொடுக்கும் குடும்பத்தில், இடர் நேரும்போது அவன் நாடும் முதல் இடம் வீடாகவே இருக்கும்.