மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகள்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்றில் வலி ஆகியவை சிறுநீர்ப் பாதைத் தொற்றின் அறிகுறிகள். ஆண்களைவிடப் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பெண்களின் சிறுநீர்க்குழாய் நீளம் குறைந்தது. அதனால், நுண்ணுயிரிகள் சிறுநீர்ப்பையை எளிதில் அடைந்துவிடுகின்றன.

பெரும்பாலும் இத்தொற்றை உண்டாக்குவது ஈ.கோலை என்னும் நுண்ணுயிரி. இது மனிதரின் குடலில் இயல்பாகவே வாழ்கிறது. அங்கு இருக்கும்வரை பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்தால்தான் தொல்லை. ‘ஆன்டிபயாட்டிக்’ என்று பலரும் அழைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் சில நாள்களில் தொற்றைக் குணப்படுத்திவிடும். ஆனால், மருந்து வேலை செய்யாவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கும் இரத்தத்துக்கும் பரவலாம். அப்போது உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மருந்து ஏன் வேலை செய்யாமல் போகிறது? உகந்த சூழலில் ஈ.கோலை ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகும். அப்போது சிலவற்றின் மரபணுவில் மாற்றங்கள் ஏற்படுகின்றன. அவற்றுள் ஒருசில, மருந்தைத் தாங்கும் ஆற்றலைப் பெறுகின்றன. சில நுண்ணுயிரிகள் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. வேறு சில, உள்ளே நுழைந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. நோயாளி மருந்து உட்கொள்ளும்போது மற்றவை மடிய, இவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அந்த மரபணுவை அருகிலுள்ள நுண்ணுயிரிகளுக்கும் கொடுக்கின்றன. ஆக, மருந்து எதிர்ப்பாற்றலைப் பெறுவது நோயாளியின் உடல் அன்று, நுண்ணுயிரியே.

இந்த ஆபத்துக்கு எல்லைக்கோடு இல்லை. 2008ஆம் ஆண்டு சுவீடனில் ஒருவரின் சிறுநீரைச் சோதித்தபோது, மிக வலுவான மருந்துகளையும் சிதைக்கவல்ல புதிய நொதியைச் சுரக்கும் நுண்ணுயிரி கண்டறியப்பட்டது. அவர் அதற்குமுன் புதுடில்லியில் சிகிச்சை பெற்றவர். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற நாட்டவருடன் சேர்ந்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதே நொதியைச் சுரக்கும் நுண்ணுயிரிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை அது காட்டியது. பயணம் செய்யும் மனிதரோடு நுண்ணுயிரிகளும் பயணம் செய்கின்றன.

உலகெங்கிலிருந்தும் மக்கள் வந்துபோகும் சிங்கப்பூருக்கு இது முக்கியமான செய்தி. மருந்து எதிர்ப்பாற்றலைச் சமாளிக்கும் தேசியத் திட்டம் 2017 நவம்பரில் இங்குத் தொடங்கப்பட்டது. இங்கு மருத்துவரின் மருந்துச்சீட்டு இன்றி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை வாங்க முடியாது. மருத்துவர் தேவை எனக் கருதினால், நோயாளியின் சிறுநீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். அங்கு நுண்ணுயிரிகளை வளர்த்து, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை அவற்றின்மீது வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றி நுண்ணுயிரிகள் வளரவில்லையோ, அந்த மருந்தே பலன் தரக்கூடியது.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபெல் பரிசு பெற்றபோதே, போதிய அளவில் மருந்து எடுக்காவிட்டால் நுண்ணுயிரிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என எச்சரித்தார். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகளால் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

இதைத் தடுப்பதில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. சளி, சளிக்காய்ச்சல் ஆகியவை கிருமி வகையில் வேறான வைரசால் வருபவை. அவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. லிட்டில் இந்தியாவில் வசிக்கும் பாட்டிக்குத் தமிழகத்திலிருந்து உறவினர் அன்போடு வாங்கிவரும் மாத்திரையானாலும், வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரையானாலும், மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்வது தவறு. மருத்துவர் சொன்ன அளவையும் நாள்களையும் தாமாகக் குறைக்கவும் கூடாது. இன்று அளவறிந்து பயன்படுத்தினால்தான், நாளை உயிர் காக்க வேண்டிய நேரத்தில் மருந்து கைகொடுக்கும்.