எரிபொருள் மின்கலத்தின் சவ்வு

பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழியிலும் தையிலும் வீசும் வறண்ட கீழைக்காற்று மத்தளத் தோலை இறுக்கிவிடும்; இடுக்கி மலைகளின் ஆடி மழையோ அதே தோலைத் தளர்த்திவிடும். அவ்விடங்களில் வாழும் நேயர்களுக்கு இது புதிதன்று. ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தின் சவ்வுக்கும் இதே துன்பந்தான். ஒரே நாளில் பலமுறை நேர்வதே வேறுபாடு.

கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, காசியில் ஓடுவதற்கென 2024 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்ட பயணிகள் படகு இத்தகைய மின்கலத்தால் இயங்குவது. ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்று. நடுவே மெல்லிய சவ்வு. இந்நாளில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்காகவும் இருப்பதுண்டு. ஹைட்ரஜனின் புரோட்டான் மட்டுமே அதனூடே செல்லும். எலெக்ட்ரான் வெளிக்கம்பியைச் சுற்றி வரும். அந்தச் சுற்றே நாம் பெறும் மின்சாரம்.

புரோட்டான் கடப்பதற்கு ஈரம் வேண்டும். மின்சாரம் மிகுதியாக எடுக்கையில் நீர் பெருகிச் சவ்வு வீங்குகிறது. குறைக்கையில் உலர்ந்து சுருங்குகிறது. ஓரங்கள் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் சுருங்க வழியின்றி நுண்ணிய விரிசல் காண்கிறது.

இதனினும் கொடியது இரசாயனத் தாக்குதல். இருபுறத்து வாயுக்களும் சிறிதளவு கசிந்து கலப்பதால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு தோன்றுகிறது. உலோகப் பகுதிகளிலிருந்து வரும் இரும்பின் சுவடு பட்டதும், அது ஹைட்ராக்ஸில் என்னும் மூர்க்கமான துண்டுகளாகப் பிரிந்து சவ்வின் மூலக்கூற்றுச் சங்கிலியை அறுக்கிறது. வெளியேறும் நீரில் புளூரைடு கலந்து வரும். அதை அளந்தே தேய்மானத்தைக் கணிக்கின்றனர். சவ்வு மெலிய மெலியக் கசிவு கூடும். கசிவு கூடக் கூட அழிவும் கூடும். வியப்பென்னவெனில், வாயுக்கள் நிறைந்திருக்க மின்சாரம் எடுக்காமல் மின்கலத்தைச் சும்மா வைத்திருப்பதே இதற்கு மிகவும் இடங்கொடுக்கும் நிலை!

1965இல் ஜெமினி விண்கலத்தில் சென்ற மின்கலங்களில் பாலிஸ்டைரீன் வகைச் சவ்வு இருந்தது. அது இத்தாக்குதலை நெடுநாள் தாங்கவில்லை. பின்னர் டூபான்ட் நிறுவனத்தின் நாஃபியான் அவ்விடத்தைப் பிடித்தது. இப்போது சவ்வினுள் டெஃப்லான் வலை வைத்து உறுதியாக்குகின்றனர். ஹைட்ராக்ஸிலை அடக்கச் சீரியம் சேர்க்கின்றனர். ஆயினும் சீரியமும் நாளடைவில் இடம்விட்டு நகர்ந்துவிடுகிறது.

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். ஏறும் பேருந்துக்கு முழுச் சுமை, இறங்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இத்தகைய ஓட்டமே சவ்வுக்குப் பகை. ஆகவே ஹைட்ரஜன் வண்டிகளில் பாட்டரி ஒன்றையும் துணைக்கு வைக்கின்றனர். ஏற்ற இறக்கங்களைப் பாட்டரி ஏற்றுக்கொள்ள, மின்கலம் கூடியவரை ஒரே சீராக ஓடுகிறது.