பக்கத்து வீட்டுப் புல்லுக்கு என்ன கூலி?

அமெரிக்கப் புறநகர்களில் ஏப்ரல் பிறந்துவிட்டால் சனிக்கிழமைக் காலை மோவர் சத்தத்தோடுதான் விடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் நாலைந்து வீட்டுப் புல்லை வெட்டிக் கைச்செலவுக்குச் சம்பாதிப்பது அங்கே பழைய வழக்கம். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் இறங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் அம்மா அப்பா சொல்லி அனுப்புவது பெரும்பாலும் இதுதான்: "அவங்க குடுக்கறத வாங்கிக்கோ, வாய விட்டுக் கேக்காத." வம்பு அங்கேதான் தொடங்குகிறது. விலை பேசாத வேலையில் பையன் மனதில் நாற்பது டாலர் இருக்கும், வீட்டுக்காரர் மனதில் பதினைந்து இருக்கும். இரண்டு பேருமே தாங்கள் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள்.

விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது விசா. பெற்றோர் எச்-1பி விசாவில் இருந்தால் பிள்ளை எச்-4. எச்-4 பிள்ளைகள் கூலிக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. 2015 முதல் எச்-4இல் சிலருக்கு வேலை அனுமதி அட்டை தருகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது கணவன் அல்லது மனைவிக்கு மட்டும், அதிலும் எல்லோருக்கும் இல்லை. பெற்றோர் எல்-1 விசாவில் இருந்தால் பிள்ளை எல்-2, அவர்களுக்கும் இதே கதை. "யாரிடமும் சம்பளத்துக்குச் சேரவில்லை, சொந்தமாகத்தானே செய்கிறான்" என்ற சமாதானம் செல்லாது, சொந்தத் தொழிலும் வேலைதான். பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அனுமதியில்லாமல் வேலை செய்ததுண்டா என்று ஒரு கேள்வி வரும். இருபது டாலருக்காக அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வழக்கறிஞரைத் தேட வேண்டாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ வேலை அனுமதி அட்டையோ உள்ள பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை. ஒரே தெருவில், ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தி சம்பாதிக்கலாம், மற்றவன் கூடாது என்பது அநியாயமாகத்தான் படுகிறது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இனி விலை. கால் ஏக்கர் மனை என்பது 10,890 சதுர அடி. வீடு, டிரைவ்வே, பின்கட்டுத் தளம் எல்லாம் போக ஏறக்குறைய ஏழாயிரம் சதுர அடிப் புல் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தோரு அங்குல மோவரைத் தள்ளிக்கொண்டு திரும்பித் திரும்பி நடந்தால் அரை மணிக்குச் சற்று மேலே ஆகும். வேலி ஓரத்தில் ட்ரிம்மர், நடைபாதை விளிம்பில் எட்ஜிங், கடைசியில் சிதறிய புல்லை ஊதித் தள்ளுவது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேர வேலை. பார்ப்பவர் கண்ணில் படுவது இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான்.

படாதது மோவரின் தேய்மானம். நானூறு டாலர் மோவர், வாரம் ஐந்து வீடு, பருவத்துக்கு இருபத்தைந்து வாரம், மூன்று கோடை தாங்கும் என்று போட்டுப் பார்த்தால் 375 வெட்டு வருகிறது. வெட்டுக்கு ஒரு டாலருக்கு மேல் அந்த இரும்பே தின்றுவிடும். பெட்ரோல் இன்னொரு டாலர். பிளேடு தீட்டுவது, எண்ணெய் மாற்றுவது, ட்ரிம்மர் நைலான் கயிறு, ட்ரிம்மரின் விலையில் ஒரு பங்கு என்று கூட்டினால் வெட்டுக்கு நான்கு டாலர் செலவு. மணிக்கு இருபது டாலராவது கையில் நிற்க வேண்டும் என்றால் இருபத்தைந்துக்குக் கீழே பேசக் கூடாது. அதே இடத்துக்கு டிரக்கும் ஆட்களும் காப்பீடும் வைத்திருக்கும் கம்பெனி நாற்பது, ஐம்பது கேட்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் முப்பது என்பது என் கணக்கில் நியாயமான விலை. பதினைந்துக்கு வெட்டிக் கொடுக்கும் பையன் தாராளமானவன் இல்லை. அப்பா வாங்கிய மோவரையும் அப்பா ஊற்றிய பெட்ரோலையும் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்கிறான்.

வீட்டுக்காரரின் மோவரையே எடுத்து வெட்டினால் விலையைக் குறைக்கலாம். அப்போது மோவர் பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டச் சொல்பவர் பாதிச் செலவில் முடித்ததாக நினைப்பார். ஆனால் புல் உயர்ந்து, ஈரம் ஏறி, அடியில் கட்டிக்கொண்டு நேரத்தைத் தின்னும். ஆகவே அவருக்கு ஒரு வெட்டின் விலை கூடத்தான் வேண்டும்.

நம்மவர்களோடு வரும் தகராறு தனி ரகம். ஜூலையில் ஆறு வாரம் ஊருக்குப் போய்விட்டு வருவார்கள். வாசலில் புல் முழங்காலைத் தொடும், நகராட்சியோ குடியிருப்புச் சங்கமோ நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு வழக்கமான முப்பதை நீட்டுவார்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டினால் அது வெளுத்துக் காயும். ஆகையால் உயரத்தில் ஒரு வெட்டு, சில நாள் கழித்துத் தாழ்வில் இன்னொன்று என்று செய்ய வேண்டும். அது இரண்டு வேலை, இரட்டைக் கூலி. "அங்கிள் வீட்லயே காசு கேப்பியாடா?" என்ற சிரிப்புக்குப் பையன் கூச்சப்பட்டால் அங்கே அப்பாதான் பேச வேண்டும். தனியாக இருக்கும் வயதானவருக்குக் குறைத்துக் கொடுப்பது வேறு. அதையும், விலை முப்பது, உங்களுக்கு இருபது என்று சொல்லிக் கொடுத்தால் அடுத்த வருடம் குழப்பம் இருக்காது.

பேசியதை அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியில் போட்டுவிடுங்கள். எந்தெந்த இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, என்றைக்குப் பணம். நாலு வரி போதும்.

அடுத்தது உடம்பு. தள்ளும் மோவருக்குப் பன்னிரண்டு வயது, உட்கார்ந்து ஓட்டுவதற்குப் பதினாறு வயது ஆக வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பிடியை விட்டால் மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது 1982 முதல் தள்ளும் மோவர்களுக்கு உள்ள விதி. அந்தப் பிடியைக் கயிற்றால் கட்டி வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கட்டிய மோவரைப் பிள்ளை தொடக் கூடாது. செருப்போடு வெட்டக் கூடாது, சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. சரிவில் தள்ளும் மோவரைக் குறுக்கே ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக இல்லை. வெட்டுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து கல், குச்சி, நாய் கடித்துப் போட்ட பொம்மை எல்லாவற்றையும் பொறுக்குவதும் கூலிக்குள் அடங்கிய வேலைதான். கல் பிளேடில் பட்டால் அது பக்கத்து ஜன்னலுக்கோ யாருடைய கண்ணுக்கோ போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புல்வெளிக் கம்பெனி ஒன்று பதினைந்து வயதுப் பையனை வேலைக்கு வைத்து மோவரைக் கையில் கொடுத்தால் மத்தியக் குழந்தைத் தொழிலாளர் விதிப்படி அது குற்றம். அதே பையன் சொந்தமாகத் தெருவில் வெட்டினால் அந்த விதி தொடாது, மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலியும் தொடாது. அதாவது காப்பாற்றும் சட்டம் ஏதும் பக்கத்தில் இல்லாத இடத்தில்தான் அவன் நிற்கிறான்.

ஜன்னல் உடைந்தால் வீட்டுக் காப்பீடு தரும் என்று நம்பி இருந்துவிட முடியாது. தொழிலால் வரும் இழப்பைப் பல பாலிசிகள் விலக்கிவிடும். இருபத்தொரு வயதுக்குக் கீழ் உள்ளவர் ஆள் வைக்காமல் எப்போதாவது செய்யும் சின்னத் தொழிலுக்கு விலக்கிலிருந்து விலக்குத் தரும் பாலிசிகளும் உண்டு. உங்களுடையது எது என்று ஏஜென்டிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பையனுக்குக் காலில் அடிபட்டால், புல் வெட்டச் சொன்ன வீட்டுக்காரரின் பாலிசியில் மருத்துவச் செலவுக்கென்று இருப்பது பொதுவாக ஆயிரம் முதல் ஐயாயிரம் டாலர் வரைதான்.

வரியில் பலருக்குத் தெரியாத எண் 400. செலவு போகச் சொந்தத் தொழில் வருமானம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டால், வயது என்னவாக இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரி வராமல் போகலாம், 15.3 சதவீதச் சுயதொழில் வரி வரும். சொந்த வீட்டுப் புல்லுக்குப் பணம் கொடுத்தவர் எந்தப் படிவமும் தர வேண்டியதில்லை. படிவம் வராததால் வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. பெட்ரோல் ரசீதை ஒரு டப்பாவில் போட்டு வைக்கும் பிள்ளைக்கு அந்த 400 கொஞ்சம் தள்ளிப் போகும்.

கதவு தட்டி வேலை கேட்க உரிமம் வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். நியூஜெர்சியில் 2015இல் பனி வாரித் தருகிறோம் என்று துண்டுச்சீட்டு கொடுத்த இரண்டு இளைஞர்களைப் போலீஸ் தடுத்து, அது பெரிய பேச்சாகி, பனிப்புயலுக்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் அதற்கு உரிமம் கேட்கக் கூடாது என்று மாநிலம் 2016இல் சட்டம் போட்டது. அது பனிக்கு மட்டும். புல்லுக்கு உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒரு தொலைபேசி விசாரணை போதும்.

பணம் வரவில்லை என்றால் முதலில் வெட்டுவதை நிறுத்துங்கள். எந்தெந்தத் தேதி, எவ்வளவு பாக்கி என்று எழுதி அனுப்புங்கள். "சின்னப் பையனோடு பேசிய ஒப்பந்தம் செல்லாது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அது தவறு. பதினெட்டு நிரம்பாதவர் பொதுவாகத் தன் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், எதிரே இருக்கும் பெரியவர் அதைக் காரணம் காட்டி விலக முடியாது. கடைசி வழி சிறு வழக்கு நீதிமன்றம். டெக்சஸில் 20,000 டாலர் வரையும், கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 வரையும் வக்கீல் இல்லாமலே கேட்கலாம், பிள்ளைக்காகப் பெற்றோர் ஒருவர் முன்னிற்க வேண்டும். அறுபது டாலர் பாக்கிக்கு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒரு பருவத்துப் பாக்கி முழுவதும் நிற்கிறது என்றால் போகலாம், அந்தக் குறுஞ்செய்தியும் தேதிப் பட்டியலும் அங்கே சாட்சி. தப்பு பையன் பக்கம் இருந்து ஸ்பிரிங்க்ளர் உடைந்திருந்தால், உதிரிப் பாகத்தின் ரசீதைக் கேட்டு வாங்கி அந்தத் தொகையை அடுத்த வெட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.